பெயர்ச்சொல் நம்மிடம், வினைச்சொல் துரையிடம்: மலையகத்து ஆங்கிலம் ஏன் பாதி வழியில் நிற்கிறது?

சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 'சி' சித்தி எடுத்த பிள்ளை. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை. நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விடிய நாலரைக்கு எழும்பி, ஹட்டனில் பஸ் மாறி, போய்ச் சேரும்போது ஒன்பது மணி. உள்ளே போய் உட்கார்ந்ததும் எதிரில் இருந்தவர் சிரித்த முகத்தோடு கேட்டார்: "ஹவ் வோஸ் யுவர் ஜேர்னி?" வந்தவரின் பதற்றம் தணியட்டும் என்று கேட்கிற கேள்வி அது. இவள் "யெஸ் சேர்" என்றாள். சொன்ன உடனேயே பிழை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்ட எதுவும் காதில் ஏறவில்லை.

மறுவாரம் மாலை வகுப்புக்கு வந்து சொன்னாள்: "சேர், 'எ ஜேர்னி ஐ மேட்' கட்டுரைய நான் பாடமாக்கி வச்சிருந்தேன். பரீட்சையில அதத்தான் எழுதினேன். அவரும் அதத்தானே கேட்டாரு? தெரிஞ்சதுதான் சேர், வாயில வரல."

தெரியும், வாயில் வரவில்லை. ஹட்டனில் பல வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறேன்; இந்தப் பேச்சைக் கேட்காத மாதம் கிடையாது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் கட்டத்தைத் தாண்டியவர்கள் இவர்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் சரியாக நிரப்புவார்கள். ஆனால் போனை எடுத்து மறுமுனையில் ஆங்கிலம் கேட்டால், பக்கத்தில் இருப்பவர் கையில் போனைத் திணித்துவிடுவார்கள். இடைநிலை என்று சொல்கிறோமே, அந்தக் கட்டம் இதுதான். மலையகத்தில் எத்தனையோ பிள்ளைகள் இந்த இடத்திலேயே வருடக்கணக்கில் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறார்கள் என்பதற்குப் பாடசாலையிலும் காரணம் இருக்கிறது, தோட்டத்து வரலாற்றிலும் இருக்கிறது, இரண்டு மொழிகளின் அமைப்பிலும் இருக்கிறது.

மொழித் தேர்ச்சியை அளக்க இன்று பரவலாகப் பாவிக்கப்படுவது ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட அளவுகோல். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி. நடுவில் உள்ள இரண்டும்தான் இடைநிலை. பி1இல் இருப்பவர் பயணத்தில் வரக்கூடிய பெரும்பாலான நிலைமைகளைச் சமாளிப்பார். தன் அனுபவத்தையும் ஆசையையும் கோர்வையாகச் சொல்வார். பி2இல் இருப்பவர் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுகிறவரோடு இரண்டு பேருக்கும் சிரமமில்லாமல் உரையாடுவார். சமாளிப்பார், சொல்வார், உரையாடுவார். எத்தனை விதி தெரியும் என்ற கேள்வியே அந்த அளவுகோலில் கிடையாது. என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. அந்தப் பிள்ளையின் பேனா பி1இல் நிற்கிறது. வாய் இன்னும் ஏ1ஐத் தாண்டவில்லை.

இந்த இடைவெளி எங்கே விழுந்தது என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். பூச்சியத்தில் தொடங்கும் ஒருவர் பி1ஐ எட்டுவதற்கு 350 முதல் 400 மணி நேரமும், பி2ஐ எட்டுவதற்கு 500 முதல் 600 மணி நேரமும் வழிகாட்டலோடு படிக்க வேண்டியிருக்கும் என்பது கேம்பிரிட்ஜ் தரும் மதிப்பீடு. நம் பிள்ளைகளுக்கு வாரம் 5 பாடவேளை, ஒரு பாடவேளை 40 நிமிடம், வருடத்துக்கு 40 வாரம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 133 மணி. தரம் 6 முதல் 11 வரை ஆறு வருடத்தில் 800 மணி. காகிதத்தில் பார்த்தால், சாதாரண தரம் எழுதி முடித்த ஒவ்வொரு பிள்ளையும் பி2ஐத் தாண்டியிருக்க வேண்டும்.

இப்போது இதே கணக்கை வாயின் பக்கமிருந்து போடுங்கள். வகுப்பில் 40 பேர். ஆசிரியர் பாதி நேரம் பேசுகிறார், மீதி 20 நிமிடத்தைப் பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கு வைக்கிறார் என்று தாராளமாகவே கொள்வோம். ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது அரை நிமிடம். வருடத்துக்கு 200 பாடவேளையில் 100 நிமிடம். ஆறு வருடத்தில் மொத்தம் பத்து மணி. 800 மணி நேரம் உட்கார்ந்த பிள்ளை வாய் திறந்தது பத்து மணி நேரம், அதுவும் எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஆங்கில ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், ஒரு தவணை முழுக்க ஆளே வராத தோட்டப் பாடசாலைகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இதுவரை சொன்னது நாடு முழுக்கப் பொருந்தும். மலையகத்துக்கு இதற்கு மேலும் ஒரு கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் நம் பிள்ளைகளைப் பார்த்து 'கூச்ச சுபாவம்' என்று சொல்லிவிடுவது அநியாயம்.

1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய பிறகு தேயிலைக்கும் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து நடத்திக் கொண்டுவரப்பட்டார்கள். ஆங்கிலம் பேசுகிற முதலாளியிடம் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த சமூகம். அப்படியிருந்தும் ஆங்கிலம் நம் வாய்க்கு வரவில்லையே, ஏன்? துரை தமிழ் படித்துக்கொண்டார், அதனால்தான். தோட்டத்துக்கு வேலைக்கு வரும் சின்னதுரை முதலில் படிக்க வேண்டியது தொழிலாளியின் தமிழ். அதற்கென்றே கைநூல்கள் அச்சாகின. அவற்றில் ஒன்றின் பெயரே 'இங்கே வா'. ஒரு மொழியைப் படிக்கிறவருக்கு முதலில் எந்த வாக்கியம் தேவைப்பட்டது என்பதை அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். வா, போ, எடு, வை. கட்டளையிடும் அளவுக்குத் தமிழ் துரைக்குப் போதும். கட்டளைக்குத் தலையாட்டத் தொழிலாளிக்கு ஆங்கிலம் தேவையே இல்லை. ஆங்கிலம் ஆபிஸ் வாசற்படிக்கு உள்ளே கிளாக்கரிடமும் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டரிடமும் நின்றுகொண்டது.

பள்ளிக்கூடமும் அந்த வாசற்படியை எடுத்துவிடவில்லை. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. சின்ன வகுப்புகள், தாய்மொழியில் மட்டும். ஆங்கிலப் பாடசாலை பட்டணத்தில் இருந்தது, கட்டணம் கட்ட முடிந்தவருக்கு. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் விளிம்புக்கு வெளியேதான் கிடந்தன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானதை ஒட்டியே அவை அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கின. மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் கவிதை எழுதினார், 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனார். அவர் பெயரை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவரைப் போல ஆங்கிலக் கல்வி வாய்த்தவர்கள் அந்தக் காலத்துத் தோட்டங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

இந்த வரலாறு நம் பேச்சில் ஒரு தடயத்தை விட்டுப் போயிருக்கிறது. எழுத்து வாசனையே இல்லாத நம் பாட்டிமார் ஆங்கிலச் சொல் பாவித்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பரேட் என்பது பிரட்டு ஆனது, வரிசை வீடுகளான லைன் லயம் ஆனது. தொழிற்சாலைக்கு ஸ்டோர். அதற்குள்ளே ரோலர், டிரையர். பேர் பதிகிற புத்தகம் செக்ரோல். ஒரு தடவை வகுப்பில் பிள்ளைகளை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொன்னேன். ஐந்து நாளில் நூற்றுக்கு மேல் சேர்ந்தது. கரும்பலகையில் எழுதி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது: அத்தனையும் பெயர்ச்சொல். ஒரு வினை கூட இல்லை.

வினை வந்திருந்தாலும் பெயராகவே வந்திருக்கிறது. 'ரெஜிஸ்டர் பண்ணு', 'கட் பண்ணு', 'ட்ரைவ் பண்ணினேன்'. ஆங்கில வினையை அப்படியே வைத்துவிட்டு, காலத்தையும் ஆளையும் 'பண்ணு' என்ற தமிழ் வினையின் மேல் ஏற்றிவிடுகிறோம். 'ட்ரைவ் பண்ணினேன்' என்று சொல்கிறவருக்கு 'ட்ரைவ்' என்பதை 'ட்ரோவ்' ஆக்க வேண்டிய தேவையே வராது. இது தமிழின் கெட்டிக்காரத்தனம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாள் முழுக்க இத்தனை ஆங்கிலச் சொல் பாவித்தும் ஆங்கில வினை ஒன்றைக் காலம் மாற்றிச் சொல்லும் பழக்கம் நமக்கு ஏற்படாமல் போனதற்குக் காரணம் இதுதான். பெயர்ச்சொல் நம்மிடம் வந்தது. வினைச்சொல் துரையிடமே நின்றுவிட்டது.

இடைநிலை என்பது முழுக்க முழுக்க வினைகளின் கட்டம். தொடக்க நிலையில் பெயர் போதும்: பஸ், டிக்கட், ஹட்டன் என்றால் வேலை முடிந்துவிடும். நேற்று நடந்ததை, நடக்க இருந்து நடக்காமல் போனதை, நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லப் போகும்போது வினைதான் வண்டியை இழுக்க வேண்டும். அதிலும் பிள்ளைகளை வாட்டுபவை பெரிய சொற்கள் அல்ல. கெட், டேக், புட், மேக், ஹேவ் மாதிரியான சின்னச் சின்ன வினைகள். 'கெட் அப்', 'கெட் ஆன்', 'கெட் ஓஃப்', 'கெட் ஓவர்' என்று ஒரே 'கெட்' பத்து இடத்தில் பத்து வேலை பார்க்கிறது. இதைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்கள் கடையில் நிறைய இருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

நான் பிள்ளைகளிடம் 'எடு' என்ற சொல்லைக் கொடுப்பேன். கொழுந்து எடுக்கிறோம். பசி எடுக்கிறது. லீவு எடுக்கிறோம். போட்டோ எடுக்கிறோம். பரீட்சையில் மார்க் எடுக்கிறோம். ஐந்து இடத்தில் ஐந்து பொருள். யார் உங்களுக்குப் பட்டியல் போட்டுச் சொல்லித் தந்தது? எவரும் இல்லை, அந்த அந்த இடத்தில் கேட்டு, அந்த அந்த இடத்தில் சொல்லி வந்தது. ஆங்கிலக்காரரின் 'கெட்' நம்முடைய 'எடு' போல. 'போடு'வைப் போலவும்தான்: டீ போடு, சட்டை போடு, சண்டை போடு, கையெழுத்துப் போடு. தங்கள் மொழியும் இதையேதான் செய்கிறது என்று கண்டதும் பிள்ளைகள் முகத்தில் ஒரு தெளிவு வரும். பிறகு பஸ்ஸில் ஏறும்போது 'கெட் ஆன்', இறங்கும்போது 'கெட் ஓஃப்' என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் சொல்லிப் பழகினால் போதும்.

தமிழை வகுப்புக்கு வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிற ஆசிரியர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஆங்கில வினைகளில் நம் பிள்ளைகளைக் கலங்கடிப்பது 'ஹேவ்' வைத்து வருகிற காலம். 'ஐ வென்ட் டு கண்டி', 'ஐ ஹேவ் பீன் டு கண்டி' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆறு வருடம் படித்தும் பதில் வராது. ஆனால் தமிழில் கேளுங்கள். "கண்டிக்குப் போனேன்" என்பதும் "கண்டிக்குப் போயிருக்கேன்" என்பதும் ஒன்றா? சின்னப் பிள்ளை கூட இல்லை என்று சொல்லும். போனேன் என்றால் ஒரு நாளில் நடந்த சங்கதி. அடுத்த கேள்வி 'எப்ப?' என்பதுதான். போயிருக்கேன் என்றால் அந்த அனுபவம் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த 'இருக்கேன்' செய்கிற வேலையைத்தான் 'ஹேவ்' செய்கிறது.

இரண்டு இடத்தில் மட்டும் தமிழ் கைவிடும், அதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும். "போன வருசம் கண்டிக்குப் போயிருக்கேன்" என்று நாம் தாராளமாகச் சொல்வோம். ஆங்கிலத்தில் 'லாஸ்ட் இயர்' என்று காலத்தைக் குறித்துவிட்டால் 'ஹேவ்' நிற்காது, 'வென்ட்' என்றே வர வேண்டும். மற்றது, "பத்து வருசமா இங்கதான் இருக்கேன்". நமக்கு இது நிகழ்காலம். அதனால்தான் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஆங்கிலம் அதே கருத்தை 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபோர் டென் இயர்ஸ்' என்று பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வரும். இந்தப் பிழைக்குச் சிவப்பு மையால் வெட்டுப் போடுவதில் பிரயோசனமில்லை. பிள்ளை தமிழில் சரியாக யோசித்ததால் வந்த பிழை இது. எங்கே வழி பிரிகிறது என்று காட்டினால் திரும்பிவிடும்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிற ஒரு தம்பியையும் சொல்ல வேண்டும். நல்லதண்ணியில் த்ரீவீல் ஓட்டுகிறார். டிசம்பர் பௌர்ணமிப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலை சீசன். அந்த மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்து நாட்டுக்காரர் ஏறி இறங்குவார்கள். பாடசாலையை இடையில் விட்டவர். கூச்சம் என்பது துளியும் கிடையாது. "யூ கோ மவுண்டன், நைட் டூ ஓ க்ளொக், ஐ கம், வெயிட், நோ ப்ரொப்ளம்." எல்லோருக்கும் விளங்குகிறது, காசும் சரியாக வருகிறது. ஏழு வருடத்துக்கு முன் நான் கேட்டதும் இதே ஆங்கிலம்தான்.

மொழியியலாளர் லாரி செலிங்கர் 1972இல் இதை விளக்கினார். இரண்டாம் மொழி படிக்கிறவர் தாய்மொழிக்கும் புதுமொழிக்கும் நடுவில் தனக்கென்று ஓர் இடைமொழியைக் கட்டிக்கொள்கிறார். அதில் சில பிழைகள் ஒரு கட்டத்தில் உறைந்து கல்லாகிவிடுகின்றன என்றார். வேலை நடக்கிறவரை மாற்ற வேண்டிய தேவை வராது, தேவை வராததால் உறைகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மூன்று நாள் பயணத்துக்கு விவரமும் விலையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பச் சொன்னபோதுதான் தம்பி என்னிடம் வந்தார். இறந்த காலமே இல்லாத ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதினால் நம்பிப் பணம் கட்டுவார்களா என்று அவரே கேட்டார். 'சி' சித்திப் பிள்ளைக்கு விதி இருக்கிறது, வாய் இல்லை. இவருக்கு வாய் இருக்கிறது, விதி இல்லை. இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் பக்கத்தில் உட்கார வைத்தேன். என் ஆசிரிய வாழ்வில் நான் செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

காது விடயத்தில் இரண்டு பேருமே தடுமாறினார்கள். தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலம் ஓர் அசையைத் தூக்கிப் பிடித்துவிட்டு மற்றதை விழுங்கிவிடும். நாம் 'கம்-ஃபோர்ட்-ட-பிள்' என்று நான்காகப் படித்ததை அவர்கள் 'கம்ஃப்டபிள்' என்று மூன்றில் முடிப்பார்கள். 'கோயிங் டு' என்று எழுதியிருப்பது காதில் 'கனா' என்று விழும். எழுத்தில் நன்றாகத் தெரிந்த சொல்லே பேச்சில் அடையாளம் தெரியாமல் போவது இதனால்தான். இன்னொன்றும் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் முடிச்சு கடைசியில் விழும். "நேத்து மடுவத்துல கொழுந்து நிறுத்த ஐயா இன்னைக்கு வரல" என்பதில் வந்தாரா வரவில்லையா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். அதனால் நம் காது கடைசி வரை பொறுமையாகக் காத்திருக்கப் பழகியது. ஆங்கிலம் எழுவாயையும் வினையையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு விவரத்தைப் பின்னால் அடுக்கும். முதல் நாலு சொல்லைப் பிடித்துவிடு, வால் போனால் போகட்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி மாதிரி எழுத்து வடிவத்தோடு கிடைப்பவற்றை, டவுனில் சிக்னல் இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, லயத்தில் ஒரே துண்டை மூன்று தடவை கேட்டால் இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

'எவ்வளவு படிச்சும் ஏறவே மாட்டேங்குது' என்ற புலம்பலுக்கு ஒரு கணக்கு விளக்கம் இருக்கிறது, அதைச் சொன்னால் பல பேருக்கு மனம் ஆறும். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள் இருந்தன. சாதாரண ஆங்கில எழுத்தில் நூற்றுக்கு எண்பது அளவில் இந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே முதல் 2000 சொல் படிக்கும்போது ஒவ்வொரு மாதமும் முன்னேறுவது கண்ணுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் ஆயிரமும் சில விழுக்காட்டை மட்டுமே கூட்டும். நாவலையோ பத்திரிகையையோ நூற்றுக்கு 98 அளவில் விளங்கி வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று போல் நேஷன் 2006இல் கணக்கிட்டார். பேச்சுக்கு 6000 முதல் 7000. அதே உழைப்பு, குறைந்த பலன்: இடைநிலையில் நிற்கிறவருக்குத் தேங்கிவிட்டது போலத் தோன்றுவது இதனால். மலை ஏறுகிறவருக்குப் பாதிக்கு மேல் அடிவாரம் இன்னும் தூரமாகிக்கொண்டு போவது கண்ணுக்குத் தெரியாது. கால் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

வாசிக்க எடுக்கும் புத்தகம் 50 சொல்லுக்கு ஒரு சொல் தெரியாத அளவில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அகராதி புரட்டுவதே வேலையாகிவிடும். சின்னப் பிள்ளைகளின் கதைப் புத்தகம்தான் அந்த அளவில் இருக்கிறது என்றால் அதையே வாசியுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தனிச் சொல்லைப் பிடிக்காமல் சோடியாகப் பிடிப்பது இன்னும் நல்லது. சாயம் கூடப் போட்ட தேத்தண்ணியை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோங் டீ' என்பார்கள். 'பவர்ஃபுல்' என்பதற்கும் அதே பொருள்தானே என்று 'பவர்ஃபுல் டீ' என்று சொன்னால் எவரும் ஏற்கமாட்டார்கள். மொழியியலாளர் ஹாலிடே இந்தச் சோடிப் பொருத்தத்தை விளக்க 1966இல் எடுத்துக்கொண்ட உதாரணமே தேத்தண்ணிதான். தேயிலைக்கு நடுவில் பிறந்த பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. நம்மிடமும் சாயத்துக்குக் 'கூட' வரும், 'பலமான சாயம்' வராது.

கடைசியாக வெட்கம். சிங்களத்தில் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்றொரு பெயர் வழங்குகிறது. வாள். பேசத் தெரிந்தவர் கையில் அது தெரியாதவரை வெட்டும் என்ற பொருளில். 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசியலமைப்பு ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. தெருவில் அதன் பெயர் வாள். நம் பிள்ளைகளுக்கு இந்த வெட்டு இரண்டு தரம் விழுகிறது. பொலிஸிலும் பிரதேச செயலகத்திலும் சிங்களம் கேட்கும், வேலையில் ஆங்கிலம் கேட்கும், உச்சரிப்பைக் கேட்டதும் தோட்டமா என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். உச்சரிப்பை இலண்டன்காரர் மாதிரி மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. இலங்கையில் பேசப்படும் ஆங்கிலத்துக்கென்றே ஒரு நடை இருக்கிறது, எதிரில் இருப்பவருக்கு விளங்கினால் அது சரியான ஆங்கிலம். இதை ஒரு ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வகுப்பில் சிரிப்பதைத் தடை செய்ய வேண்டும். நான் தடை செய்திருக்கிறேன்.

பத்து மணி நேர வாயைக் கூட்டுவதற்கு எங்கள் வகுப்பில் செய்வது ஒரு பழைய முறை. இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும். தனக்கு நடந்த ஒரு விடயத்தை ஒருவர் நாலு நிமிடம் சொல்வார், மற்றவர் கேட்பார், குறுக்கே திருத்தமாட்டார். பிறகு கேட்கிற ஆள் மாறும். அதே கதையை மூன்று நிமிடத்தில். திரும்பவும் கேட்கிற ஆள் மாறும், இரண்டு நிமிடம். கதை ஏற்கெனவே தெரிந்ததால் மூன்றாம் தடவை மனம் சொல்லைத் தேடி அலையாது, வினைகள் தாமாகவே நேராகத் தொடங்கும். முப்பது பேர் இருந்தாலும் ஒரே நேரத்தில் பதினைந்து வாய் திறந்திருக்கும். ஒரு சுற்றில் ஒரு பிள்ளைக்கு ஒன்பது நிமிடம். பாடசாலையில் அந்த ஒன்பது நிமிடம் சேர பதினெட்டுப் பாடவேளை, கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகும். வாய் திறந்து சொல்லும்போதுதான் தனக்கு எந்த இடத்தில் சொல் இல்லை என்பதே ஒருவருக்குத் தெரியவரும் என்று கனடாவில் ஆய்வு செய்த மெரில் ஸ்வெய்ன் எழுதினார். கேட்பதும் வாசிப்பதும் மட்டும் போதாது என்பது அவர் வாதம்.

நேர்முகத்தில் 'யெஸ் சேர்' என்று சொன்ன பிள்ளைக்கு நான் கொடுத்த தலைப்பு நுவரெலியாப் பயணம். மூன்றாம் தடவை எதிரில் உட்கார்ந்தது த்ரீவீல் தம்பி. முதல் தடவை பாடமாக்கிய கட்டுரைதான் வந்தது, நாலு வரியில் தீர்ந்தும் போனது. மீதி நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தடவை விடிய நாலரையில் தொடங்கினாள். 'ஐ கெட் அப்' என்று சொல்லி, நிறுத்தி, 'ஐ கொட் அப்' என்றாள். ஹட்டனில் பஸ் பிந்தியது, மழை, செருப்பில் சேறு. மூன்றாம் தடவை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். 'ஐ நெவர் கோ நுவரெலியா' என்றவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"சேர், போனதே இல்லன்னு சொல்றதுக்கு அந்த 'போயிருக்கேன்' தானே வரணும்?"

நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் தம்பி பக்கம் திரும்பி, அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கியிருந்தாள்.